மச்சாதுவின் பெடல் ம் கொட்டிய பன்னிரண்டு நாட்கள்

இது தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் சங்குக்கிட்டங்கித் தெரு என்று ஒரு தெரு இருக்கிறதே, அங்கே நடந்தது. நம்பாதவர்கள் நேரே போய் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், ஆனால் விசாரிக்கப் போகிறவர்கள் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் அந்தத் தெருவில் இப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள்.

அந்தத் தெருவில் அமலோற்பவத்தின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிபயர், மிக்ஸி, கோயில் மைக் செட் என்று கரண்டில் ஓடுகிற எதையும் அவள் திறந்துவிடுவாள், திறந்தால் சரி செய்யாமல் மூட மாட்டாள், முடியாது என்று ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்ததாக இருபத்திரண்டு வருஷத்தில் சரித்திரமே இல்லை. பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருந்தே தீரும், சந்தேகப்படுகிறதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் அது கையில் சிக்கும் என்பது அவள் வேதம். தொல்லை என்னவென்றால், மனுஷர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தலைவலி என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கண்ணாடி மாற்றி எவ்வளவு நாளாச்சு என்று கேள்வி மேல் கேள்வி வரும், நாலாவது கேள்விக்குள் தலைவலிக்காரர் தலைவலியோடு எழுந்து போயிருப்பார். கெட்ட மனசு கிடையாது. நல்ல மனசுதான், ஆனால் அந்த மனசின் கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

அவள் புருஷன் கஸ்பார் தோணித் தண்டேல். தோணி என்றால் ஆற்றில் விடுகிற சின்னப் படகு இல்லை, மரத்தில் கட்டிய பெரிய சரக்குக் கலம். வெங்காயமும் ஓடும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும், அதை நடத்துகிறவன்தான் தண்டேல். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பயணத்தில் காற்று பிடித்துக்கொண்டதில், தோணிக்குப் பின்னால் கட்டியிருந்த சிறு படகில் இருந்த அவன் தம்பி தொபியாஸ் படகோடு போய்விட்டான். கயிறு அறுந்துவிட்டது என்றார்கள். ஊர் முழுக்க அதையே சொன்னது, கல்லறைத் தோட்டத்தில் உடம்பில்லாமல் நட்ட சிலுவைக்கு முன்னால் சாமியாரும் அதையே சொன்னார். கரைக்கு வந்த மூன்றாம் நாள், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த கஸ்பார், "அந்தக் கயிறு இருக்குல்லா, அமலோ..." என்று ஆரம்பித்தான்.

"எத்தன இஞ்சுக் கயிறு? நைலானா, தென்னநாரா? போன வருசமே மாத்தணும்னு சொன்னேனா இல்லையா? முடிச்சு போட்டது யாரு?" என்று அவள் கேட்டாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பழைய கயிறுதான்," என்றான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவன் கடலுக்கும் போகவில்லை, உப்பு போதுமா, மழை வரும்போல இருக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வீட்டில் சமைத்தான். மத்தியானம் ஒரு மணிக்குக் கேரியரில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் பின்கட்டில் சாப்பிட்டு முடிக்கும்வரை கடையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்து, காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு போனான். செத்துக்கிடந்த எத்தனையோ ஸ்பீக்கரைப் பேச வைத்தவளுக்கு இந்த ஒரு ஆளைப் பேச வைக்கத் தெரியவில்லை. அதை நினைத்து அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை எட்வின் மச்சாது, துண்டில் சுற்றிய ஒரு சாமானைப் பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மச்சாது ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். துண்டுக்குள் இருந்தது காலால் அமுக்குகிற எபெக்ட்ஸ் பெடல். பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி, ஒரு செங்கல் கனம், ஐம்பது வருஷத்துக்கு முந்தியது, ஒரு இத்தாலியக் கப்பலின் சமையல்காரன் ஒரு கூடைச் சங்குக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. கிட்டாரின் சத்தத்தை அது அலை அலையாக அசைத்துக் கொடுக்கும்.

"அடுத்த வாரம் சனிக்கிழம என் மக ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம்லா. காணிக்கப் பாட்டு நாந்தான் வாசிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. பரண்ல இருந்து எறக்கிப் பாத்தா இதுல ஹம்மிங் அடிக்குது. வாசிச்சு நிறுத்துனா 'ம்'ங்குது. திரும்ப வாசிச்சு நிறுத்துனா திரும்பவும் 'ம்'ங்குது. எனக்கு எதுக்கும்மா எதிர்ப்பாட்டு?" என்றார் மச்சாது.

சிரிக்கிற மாதிரி சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழா மேடையில் ஸ்பீக்கர் இரைந்து, கூட்டம் அந்த இரைச்சலைத் திருப்பி இரைந்து கேலி செய்து, அவர் பாதிப் பாட்டில் இறங்கி வந்தது தெருவுக்கே தெரியும். அன்றைக்குப் பரணில் ஏறிய கிட்டார்தான்.

"வெள்ளிக்கிழம வாங்கண்ணே. இதெல்லாம் ஒரு சோலியா?" என்றாள் அமலோற்பவம்.

முதலில் வயரை மாற்றினாள், போகவில்லை. மின்சாரத்தை வடிகட்டுகிற பழைய கண்டன்சரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்தாள், போகவில்லை. டியூப்லைட்டின் சோக்கு இரைகிறதோ என்று லைட்டை அணைத்தாள், பக்கத்து மாவு மில் மோட்டார்தான் இழுத்து விடுகிறதோ என்று மில்லுக்காரர் பரமசிவனிடம் சொல்லிப் பத்து நிமிஷம் மில்லை நிறுத்தச் சொன்னாள், அரைக்க வந்த ஏழு பொம்பளைகளும் கடை வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கும் போகவில்லை. வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது அவள் பழக்கம். "கண்டன்சரும் இல்ல," என்றாள். பெட்டி, ம், என்றது. "அப்போ எர்த்தாத்தான் இருக்கும்," என்றாள். ம், என்றது. "இல்ல, டிரான்ஸ்பார்மரே போயிட்டோ?" என்றாள். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இழுத்து, ம்ம்ம், என்றது. ரேடியோவைப் போட்டுப் பக்கத்தில் வைத்தாள், சத்தமே இல்லை. பாட்டுக்கும் செய்திக்கும் விளம்பரத்துக்கும் வாய் திறக்காத பெட்டி, அவள் ரேடியோவை நிறுத்திவிட்டு, "காலு வலிக்குதுப்பா," என்று பெருமூச்சு விட்டதும், ம், என்றது. ஆம்ப்ளிபயரை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் என்று ஒன்று அந்தப் பெட்டிக்குள் கிடையவே கிடையாது, இருந்தும் அவள் பேசி நிறுத்திய இடத்தில் அந்த இரும்பு, பச்சைப் பெயிண்ட் லேசாக அதிர, ம், என்றது. அமலோற்பவம் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. நோட்டை எடுத்து, 'கரண்ட் இல்லாமலும் ஹம் உண்டு. ஆள் பேசினால் மட்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

மறுநாள் மீன் விற்கிற சலேத்து, கூடையை வாசலில் இறக்கிவிட்டு டார்ச் லைட்டைக் கொடுக்க வந்தவள், வழக்கம்போல மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். அமலோற்பவம் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்திருந்ததால் கேள்வி எதுவும் வரவில்லை. சலேத்து நிறுத்துகிற இடத்திலெல்லாம் மேஜை மேலிருந்து ம் வந்தது. யார் கொட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவள் சொல்லிக்கொண்டே போனாள், மருமகளில் தொடங்கியது மகனுக்குப் போய், மகனிலிருந்து செத்துப்போன புருஷனுக்குப் போய், கடைசியில் தான் பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளில் போய் முடிந்தது. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, இத முழுசா நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லட்டி," என்றாள். அப்புறம்தான் அமலோற்பவம் மேஜைக்கடியிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கூடையிலிருந்து நல்லதாக இரண்டு ஊளி மீனை எடுத்துப் பெட்டியின் முன்னால் வைத்துவிட்டு, டார்ச்சை மறந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு வந்துவிட்டது. வெறுங்கையோடு ரிப்பேர் கடைக்குப் போவது மரியாதை இல்லை என்று ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள். நல்லா ஓடுகிற மிக்ஸி, நல்லா எரிகிற டார்ச், நல்லா பாடுகிற ரேடியோ. அவற்றைத் திறந்து பார்த்துப் பழுதே இல்லையே என்று அமலோற்பவம் முறைத்தாள், ஆகவே மறுநாளிலிருந்து கொஞ்சம் மானமுள்ளவர்கள் வீட்டிலேயே எதையாவது உடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். சரித்திர வாத்தியார் தர்மக்கண், ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாக இந்தத் துறைமுகத்தின் கதையைச் சொல்ல ஆள் தேடி, அவரைக் கண்டாலே சந்துக்குள் திரும்பிவிடுகிற ஊரில் வாழ்ந்தவர், முத்துக்குளிப்பில் ஆரம்பித்துப் போர்ச்சுக்கீசியர்வரை வந்தார், ஒரு நூற்றாண்டைக்கூடத் தாண்டிப் போகச் சொல்லாமல் பெட்டி ம் கொட்டியது. வார்டு கவுன்சிலர் வந்து தெருவுக்குக் குழாய் போடுகிறேன் என்றார், ம், என்றது, அதை வைத்து அவர் அரைமணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தார், அடுத்து எதிர்க்கட்சிக்காரர் வந்து இவன் போட மாட்டான் என்றதற்கும் அதே ம் வந்ததும் கவுன்சிலர் முகம் சுருங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போட்டியாக இதென்ன என்று யாரோ வத்தி வைத்ததால் பங்குச் சாமியார் நேரில் வந்து உட்கார்ந்தார், பரிசோதிப்பதற்காகத் தன் முழங்கால் வலியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னார், ரெண்டு வார்த்தை முக்கால் மணி நேரம் ஆனது. எழுந்தபோது, "பாவமன்னிப்பு இது குடுக்கல. கேக்குது, அவ்வளவுதான். கேக்குறதுக்கு மறைமாவட்டத்துல அனுமதி வாங்க வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டு நொண்டாமல் நடந்து போனார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, காலையில், அமலோற்பவம் பழுதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அடித்தகட்டைக் கழற்றி, கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, எர்த் வயர் பெட்டியின் இரும்போடு சேருகிற இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் வெறுமே ஒட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ, ஈயம் உருக்குகிற அயன் சூடு பத்தாமல் வைத்த பற்று. அவள் விரல் நுனியால் அந்த வயரை இரும்போடு சேர்த்து அழுத்தினாள். எதிரே ஸ்டூலில் மருமகள் கதையின் இரண்டாம் பாகத்தில் இருந்த சலேத்து சட்டென்று நிறுத்தி, "என்னட்டி, இது கேக்க மாட்டேங்குது?" என்றாள். அமலோற்பவம் விரலை எடுத்தாள். ம், என்றது பெட்டி. ஒரு சொட்டு ஈயம் போதும். மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று அயனைச் சூடு போட்டுவிட்டு, கூட்டத்தை அனுப்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். ஒரு மணிக்குக் கஸ்பார் கேரியரோடு குனிந்து உள்ளே வந்தான். அவள் திரையை விலக்கிப் பின்கட்டில் போய் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

வைத்த சோறு வாயிலேயே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கஸ்பார் பேசிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு வெங்காயம் ஏத்திக்கிட்டிருந்தோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ம், என்றது பெட்டி. "மூட ஈரமா இருந்துச்சு. தொபியாசு சொன்னான், அண்ணே, போய்ச் சேருறதுக்குள்ள இது மொளச்சிரும், நாம தோட்டத்தோட போய் எறங்கலாம்னு." ம். "அவன் சிரிச்சா கப்பல்ல எல்லாரும் சிரிப்பாங்க." ம், ம். அவ்வளவுதான் அன்றைக்கு. கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டான். தொபியாஸ் என்கிற பெயரை அவன் வாயால் அவள் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அமலோற்பவம் வெளியே வந்து, நன்றாகச் சூடேறியிருந்த அயனின் சுவிட்சை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை மச்சாது வந்தபோது அவள் இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். உலகத்து மெக்கானிக்குகளெல்லாம் தினம் சொல்கிறதுதான், ஆனால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பார்ட்ஸ் மெட்ராஸ்ல இருந்து வரணும்ணே."

"எப்போ வரும்?"

"வந்துரும்."

பெட்டி, ம், என்றது. "இந்தா பாரு, இன்னும் இருக்கு பாரு!" என்று மச்சாது அதைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தத் தெருவில் அந்தச் சத்தத்தைப் பழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தினமும் ஒரு மணிக்குக் கஸ்பாரின் கதை ஒரு முழம் நகர்ந்தது. தோணி கிளம்பியது, வெள்ளி முளைத்தது, சமையல்காரன் கருவாட்டைத் தீய்த்தது, நாலாம் நாள் வானம் செம்பு நிறத்துக்கு மாறியது. திரைக்குப் பின்னால் அமலோற்பவம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குள் கேள்விகள் முட்டின. வானிலை பார்த்தீர்களா, வயர்லெஸ் என்ன ஆச்சு, அந்த நேரத்தில் யார் சுக்கான் பிடித்தது. வாயில் சோறு இருந்தபடியால் ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் வாழ்க்கையில் சோறு செய்த பெரிய உபகாரம் அதுதான்.

இதற்கிடையில் பெட்டியின் பழக்கம் தெருவுக்குச் சளிபோலப் பரவியது. மில்லுக்காரர் பரமசிவனின் சம்சாரம் காந்திமதி, "முப்பது வருசமா உங்களுக்கு வராத ஒரு ம் அந்த டப்பாவுக்கு வருது, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டாள். அவர் மூன்று நாள் மில்லைப் பூட்டிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கொட்டுகிறது, எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் சும்மா இருக்கிறது என்று பாடம் படித்தார். முதல் நாள் வீட்டில் தப்பான இடத்தில் ம் கொட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் காந்திமதி தன் கல்யாணத்துக்கு முந்தின கதையெல்லாம் சொன்னாள், கேட்டுவிட்டு வந்த பரமசிவன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார், ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அவளுக்கு நீச்சல் தெரியுமாம்வே, எனக்கு இப்பத்தான் தெரியும்," என்றார். டீக்கடையில், ரேஷன் வரிசையில், வலை பின்னுகிற இடத்தில், ஒருவர் பேசி நிறுத்தினால் மற்றவர்கள் தன்னையறியாமல் ம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மச்சாது மறுபடி வந்தார். பார்ட்ஸ் வரவில்லை. வியாழக்கிழமை தெருவே திரண்டு வந்தது, முன்னால் சலேத்து, பின்னால் வாத்தியார்.

"நீ இதச் சரி பண்ணக் கூடாது," என்றாள் சலேத்து.

"அது எப்படி? நான் சரி பண்ணுறேன்னு வாங்கி வச்சிருக்கேன்லா."

"மச்சாது அண்ணனுக்கு நாங்க எல்லாருமாச் சேந்து புதுசு ஒண்ணு எடுத்துக் குடுக்கோம்."

"புதுசுல அவரு பாட்டு வராது."

"வராட்டிப் போவுது. ஒரு பாட்டு பெருசா, ஒரு ஊரு பெருசா?" என்றார் வாத்தியார். ஊர் என்று அவர் சொன்னபோது அமலோற்பவம் நினைத்தது ஒரே ஒரு ஆளைத்தான், அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, கஸ்பாரின் கதையில் காற்று வந்துவிட்டது. தோணிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் கட்டியிருந்த சிறு படகை அலை புரட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தொபியாஸ் அதில் இறங்கினான். "எறங்குறப்போ எங்கிட்ட தீப்பெட்டி கேட்டான், அந்த மழையில," என்றான் கஸ்பார். ம், என்றது. "கயித்த நாந்தான் கட்டுனேன். நல்ல முடிச்சு. அத்துப்போற முடிச்சு இல்ல." ம்ம்ம், என்று பெட்டி மெல்ல இழுத்தது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பெட்டியும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றிக் கேரியர் கழுவுகிற சத்தமும், "மிச்சம் நாளைக்கு," என்கிற குரலும் கேட்டன.

நாளைக்குக் கல்யாணம்.

நாலு மணிக்கு மச்சாது வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பார்ட்ஸ் பற்றிக் கேட்கவில்லை.

"நேத்து வீட்டுல வாசிச்சுப் பாத்தேன், இது இல்லாம," என்றார். "வரல. ஸ்டெல்லா கேட்டுட்டு, பரவால்லப்பா, கீபோர்டுக்காரன வச்சுக்கிடலாம்னு சொல்லுதா. அந்தப் பரவால்லப்பாவத்தான் என்னால தாங்க முடியல, அமலோ. அவ அம்மா போன பெறகு அந்தப் பிள்ளைக்கு நான் பெருசா ஒண்ணும் செய்யல. அவளுக்கு என்கிட்ட வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான்."

ம், என்றது பெட்டி. அவர் அதைப் பார்த்த பார்வையில், பதினோரு வருஷத்துக்கு முந்தின அந்த மேடையும் கூட்டமும் அப்படியே நின்றன.

தன் புருஷனுக்காக இன்னொருத்தர் பெண்ணின் கல்யாணப் பாட்டைக் கெடுக்க முடியாது, அமலோற்பவத்தால் முடியாது, அதற்கு அவள் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும். "பத்து நிமிசம் இருங்கண்ணே," என்றாள். அயனைச் சூடு போட்டாள். அடித்தகட்டைக் கழற்றினாள். "மன்னிச்சுக்கோ," என்று அவள் மெதுவாகச் சொன்னதற்கு, ம், என்றது. ஈயம் உருகிப் பளபளவென்று இரும்பைப் பிடித்தபோது பெட்டி ஒரு தரம் நீளமாக இழுத்தது, பாதியில் நின்றது. மச்சாது கிட்டாரைச் சொருகி வாசித்தார், நிறுத்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் வாசித்து நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அமலோற்பவத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது. இன்னொரு சின்ன வேலை இருக்கு என்று அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவசர அவசரமாக ஈயத்தை உருக்கி வயரை மறுபடி பிரித்து, குனிந்து, "ஏ, கேக்குதா? நாளைக்கு ஒரு நாள் மட்டும், ஒரு மணிக்கு மட்டும்," என்றாள். வெறும் இரும்பு. அவள் மறுபடியும் சரியாகப் பற்று வைத்து, தகட்டை மூடி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, யாரும் இல்லாத கடையில் வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை பத்தரைக்குக் கோயிலில் கூட்டம் வாசல்வரை நின்றது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். காணிக்கை நேரம் வந்ததும் மச்சாது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பச்சைப் பெட்டியின் மேல் காலை வைத்து முதல் அடியை வாசித்தார். சத்தம் கரை தொட்டுத் திரும்புகிற தண்ணீராக அசைந்து அசைந்து போய் நின்றது. பெட்டியிலிருந்து ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

அந்த அமைதியில் இடப்பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து சலேத்து, ம், என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. பன்னிரண்டு நாளில் வாய் பழகிவிட்டது. அவள் சொன்னதும் வாத்தியார் சொன்னார், பரமசிவன் மிகச் சரியான இடத்தில் சொன்னார், காந்திமதி சொன்னாள், கவுன்சிலரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், பீடத்திலிருந்து சாமியாரும் சொன்னார், மொத்தக் கோயிலும் அடிவயிற்றிலிருந்து, ம், என்றது. மச்சாதுவின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் அமலோற்பவத்தைத் தேடிப் பிடித்து அவர் முறைத்த முறைப்பில், அவள் ரெண்டு கையையும் விரித்து, பெட்டியில்லை, இவர்கள் என்று காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் விசிலடிக்கவில்லை. எல்லோரும் அடுத்த அடிக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அடியைப் பயந்து பயந்து வாசித்தார். ம். மூன்றாவதில் பயம் போய்விட்டது. நாலாவது அடியில் அவர் வேண்டுமென்றே நிறுத்தி, தலையைச் சாய்த்துக் காத்திருந்து, அந்த ம்மை வாங்கிக்கொண்டு அதன் மேல் ஐந்தாவதைக் கட்டினார். முக்காட்டுக்குள் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அழுதாள். பாட்டு முடிய அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது.

கோயிலில் ம் சொல்லாதவர்கள் இரண்டு பேர். அமலோற்பவம் சொல்ல முயன்றாள், அழுகைதான் வந்தது. வலப்பக்கம் கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் இருவரும் கடற்கரை ரோட்டில் வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கோயில் மணி ஒன்று அடித்தது, கேரியர் நேரம். கஸ்பாரின் நடை தானாகவே தளர்ந்தது.

"பெட்டியக் குடுத்தாச்சுல்லா," என்றான்.

"குடுத்தாச்சு."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் சும்மா கிடந்தது. அவன் கடலைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் கயிறு அத்துப்போகல."

எல்லாக் கேள்விகளும் ஒரே நேரத்தில் அவள் தொண்டைக்கு வந்தன. அறுந்துபோகலைன்னா அவிழ்ந்துதா, அப்போ ஏன் எல்லாரும் அப்படிச் சொன்னாங்க, போலீசுல என்ன சொன்னிய, ஏன் எங்கிட்ட மூணு வருசமா. வாயில் சோறு இல்லை. அவள் பல்லைக் கடித்தாள். தாடை வலிக்கிற அளவுக்குக் கடித்தாள், கடித்த பல்லுக்குப் பின்னாலிருந்து, நெஞ்சுக்குள்ளிருந்து, தாழ்ந்து ஒரு சத்தம் வந்தது.

"ம்," என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு மறுபடி ரோட்டைப் பார்த்தான்.

"நாந்தான் வெட்டுனேன்."

"ம்."

"தோணி முங்கப் போகுதுன்னு நெனச்சேன். முங்குறப்போ கயிறு இருந்தா படகையும் சேத்து இழுத்துரும்லா. அவனாச்சும் பொழச்சிக்கிடட்டும்னு கத்திய எடுத்து வெட்டுனேன்."

"ம்."

"தோணி முங்கல, அமலோ."

பம்பு ஓடிச்சா என்கிற கேள்வி, எத்தனை நிமிஷம் காத்திருந்து பார்த்தீர்கள் என்கிற கேள்வி, இருபத்திரண்டு வருஷம் பழுது பார்த்த மூளை தானாகத் தள்ளிவிடுகிற அந்தக் கேள்வி, உதடுவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள். கண் முழுக்கத் தண்ணீராகி ரோடு தெரியாமல் போனது.

"ம்ம்ம்," என்றாள்.

"அவன் என்னயப் பாத்துக்கிட்டேதான் போனான். கைய ஆட்டுனான். வா-ன்னு ஆட்டுனானா, போ-ன்னு ஆட்டுனானான்னு தெரியல. அதத்தான் தெனமும் பாக்குதேன்."

"ம்," என்று சொல்லி அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சொல்லிக்கொண்டே நடந்தான். சங்குக்கிட்டங்கித் தெருவுக்குள் திரும்பி, மாவு மில்லைத் தாண்டி, ஷட்டர் இறக்கிய கடையைத் தாண்டி, தங்கள் வீட்டு வாசலையும் தாண்டி இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள். எதிரே காலிக் கூடையோடு வந்த சலேத்து, ஏட்டி, வீடு பின்னால இருக்கு, எங்க போறிய என்று கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்தவள், கஸ்பாரின் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.